அப்பர்ச்சர் பழக ஆரம்பிக்கிறவங்களுக்கு

கேமராவோட மோடு டயலை முதல்ல ஏ-ல வைங்க, கேனான்னா ஏவி-னு போட்டிருக்கும். இதுல அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ்ல வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டையோட அளவை மட்டும் நீங்க முடிவு பண்ணா போதும், ஷட்டர் ஸ்பீடை, அதாவது வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ள விழணும்ங்கறதை கேமரா பாத்துக்கும்.

எல்லாரையும் குழப்புறது அப்பர்ச்சரோட எஃப் நம்பர்தான். எஃப் 1.8னா லென்ஸ் ஓட்டை பெருசு, எஃப் 16னா சின்னது, தலைகீழா இருக்கேனு தோணும், ஆனா ஃபோக்கல் லெங்த்தை (லென்ஸ் மேல எம்எம்ல போட்டிருக்கிற அளவு) ஓட்டையோட விட்டத்தால வகுத்தா வர்ற நம்பர் அது, 50 எம்எம் லென்ஸ்ல எஃப் 2னா ஓட்டை 25 எம்எம். 2, 2.8, 4, 5.6, 8னு ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும்.

இப்ப ஜன்னல் பக்கம் ஒரு பாட்டிலை வைங்க, பின்னாடி நாலஞ்சு அடி தள்ளி ஒரு செடியோ புத்தகமோ இருக்கட்டும். லேபிள் எழுத்துல ஃபோகஸ் பண்ணி, இடம் மாறாம, லென்ஸோட சின்ன நம்பர்ல ஒண்ணு, 8ல ஒண்ணு, 16ல ஒண்ணு எடுத்து ஸ்க்ரீன்ல பெருசாக்கிப் பாருங்க, கரைஞ்சு கிடந்த இலை ஓரம் கொஞ்சம் கொஞ்சமா தெளியும். 16ல ஷட்டர் ரொம்ப ஸ்லோவாகி படம் ஆடுனா ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவை ஏத்துங்க.

கிட் லென்ஸ்ல, அதாவது கேமராவோட சேர்ந்து வர்ற லென்ஸ்ல, பின்னணி மங்கல் வராதுனு சொல்றத நம்பாதீங்க! முழுசா ஜூம் பண்ணி, ஆள்கிட்ட நெருங்கி, பின்னணியை தூரமா தள்ளுங்க, நல்லாவே வரும்.

குரூப் ஃபோட்டோவுக்கு 1.8 வேண்டவே வேண்டாம், பின்வரிசை முகமெல்லாம் போயிடும், 5.6 இல்ல 8 வைங்க. 22 வரைக்கும் போகாதீங்க, டிஃப்ராக்‌ஷனால, அதாவது ரொம்ப சின்ன ஓட்டை வழியா வர்றப்ப வெளிச்சம் பரவிடுறதால, மொத்தப் படமும் கூர்மை குறையும்.