முதலில் எட்டுப் போடுங்கள், அப்புறம் பந்து

எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். பதினோரு வருஷத்துக்கு முன் மாங்காய் பறிக்கும்போது கிளை முறிந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. இப்போது எங்கள் வீட்டு சிமெண்டுக் களம்தான் எனக்கு டென்னிஸ் மைதானம். சக்கர நாற்காலி டென்னிஸில் ஆண்கள் ஒற்றையர் போட்டிக்குப் பேர் கொடுக்க நினைக்கும் தம்பிகள் போனில் முதலில் கேட்பது, "எந்த ராக்கெட் வாங்கலாம் அண்ணா?" என்றுதான். ராக்கெட் கிடக்கட்டும். முதலில் வண்டியைப் பழகுங்கள்.

ஆஸ்பத்திரி வீல்சேர் இதற்கு ஆகாது. விளையாட்டு வண்டியின் சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று சாய்ந்திருக்கும். அதனால் வேகமாகத் திரும்பினாலும் கவிழாது. மல்லாக்க விழாமல் தாங்கப் பின்னால் ஒரு சின்னச் சக்கரமும் உண்டு. இடுப்புக்கும் தொடைக்கும் பெல்ட் போட்டு இறுக்குங்கள். உடம்பு திரும்பினால் வண்டியும் கூடவே திரும்ப வேண்டும்.

லைசென்ஸ் எடுக்க எட்டுப் போடுவோமே, அதேதான் பயிற்சி. மாங்காய்ப் பெட்டி இரண்டை நாலு மீட்டர் இடைவெளியில் வைத்துச் சுற்றுங்கள். ராக்கெட் கையிலேயே இருக்கட்டும். அதன் பிடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளுவளையத்தை, அதாவது சக்கரத்தின் வெளிப்பக்கம் உள்ள கைவளையத்தை, தள்ளுங்கள். முதல் வாரம் ராக்கெட் வளையத்தில் இடித்து டக் டக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் குறையக் குறையக் கை பழகுகிறது என்று அர்த்தம். எனக்கு ஒரு மாசம் ஆனது. அதுவரை பந்தைத் தொடவில்லை.

பந்தை அடித்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். நின்ற வண்டியைக் கிளப்புவதற்குள் எதிராளியின் பந்து தாண்டிப் போய்விடும். அடித்ததும் திரும்பி, மெதுவாகவாவது உருண்டுகொண்டே இருங்கள்.

மைதானம் எல்லோருக்கும் உள்ள அதே அளவுதான்: நீளம் 23.77 மீட்டர், ஒற்றையருக்கு அகலம் 8.23 மீட்டர். நமக்குப் பந்து இரண்டு முறை குத்தலாம். முதல் குத்து கோட்டுக்குள் விழ வேண்டும், இரண்டாவது வெளியே விழுந்தாலும் பரவாயில்லை. ஆனால் இரண்டாவது குத்துக்கே காத்திருந்து பழகினால் பந்து முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். ஜப்பானின் டோகிடோ ஓடா முடிந்தவரை முதல் குத்திலேயே எடுத்து எதிராளியை நெருக்குவார். 2024 பாரிஸ் பாராலிம்பிக் இறுதியில் பிரிட்டனின் ஆல்ஃபி ஹியூவெட் இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் வெற்றி என்ற மேட்ச் பாயிண்ட் வரை வந்தும், ஓடா 6-2, 4-6, 7-5 என்று ஜெயித்தார். அந்த ஆட்டத்தைப் பந்தை விட்டுவிட்டு, சக்கரத்தை மட்டும் கவனித்து ஒருமுறை பாருங்கள்.

விதியில் பாயிண்ட் போகும் இடங்கள்: பந்து வண்டியில் பட்டாலும் உடம்பில் பட்ட மாதிரிதான். காலால் தரையில் பிரேக் போடக் கூடாது. அடிக்கும்போது இருக்கையை விட்டு முழுக்க எழும்பக் கூடாது. சர்வுக்கு முன் அசையாமல் நின்று, அப்புறம் ஒரே ஒரு தள்ளு தள்ளிக்கொள்ளலாம்.

இனி உடம்பு. என் முதல் போட்டியில் கழிப்பறைக் கதவுக்குள் வண்டி நுழையவில்லை. அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இறங்கினேன். இரண்டாவது செட்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, தோற்றேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதல் நாளே போய்க் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். விளையாட்டு வண்டி அகலம் அதிகம், கழிப்பறைக்குத் தினசரி வண்டியில் போங்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது, சூடு உள்ளேயே தங்கும். ஈரத் துண்டைக் கழுத்தில் போடுங்கள், தண்ணீரை முகத்திலும் கையிலும் தெளித்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குங்கள். இல்லையென்றால் ஒரே இடத்தில் அழுந்தி உட்கார்ந்து புண் வரும். புண் வந்தால் மாசக்கணக்கில் படுக்கைதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் பக்கம் பஸ்ஸில் போனால் சக்கரங்களைக் கழற்றி, இடது வலது என்று சாக்பீஸால் குறித்து ஏற்றுங்கள். டியூப் இரண்டும் காற்றடிக்கும் பம்பும் டிக்கியில் வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும்.