நம் பகுதி நூலகத்தில் கோடை நிகழ்ச்சி நடத்துவது எப்படி? உறுப்பினர் அட்டையில் தொடங்குங்கள்

விடுமுறையில் பிள்ளைகளுக்கு நூலகத்தில் ஏதாவது நடத்தலாம் என்று நாலைந்து பேர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறீர்கள். நூலகரும் சரி என்று சொல்லிவிட்டார். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தன்னார்வலராக இந்த வேலையில் இருந்து கற்றுக்கொண்டவைதான் எல்லாம்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்து வெளியே போகும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு இரவல் புத்தகம் இருக்க வேண்டும். பொம்மலாட்டமும் ஓவியப் போட்டியும் வேறு இடங்களிலும் நடக்கும். ஆனால், பிடித்த புத்தகத்தைக் காசு வாங்காமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் இடம் நூலகம் மட்டும்தான்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. பார்பரா ஹெய்ன்ஸ் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறக்குறைய 3000 பேரை ஆராய்ந்து 1978இல் முடிவுகளை வெளியிட்டார். கோடையில் ஆறு புத்தகமாவது படித்த பிள்ளைகள் பின்தங்கவில்லை என்றும், அந்த மாதங்களில் பிள்ளைகளின் வளர்ச்சிக்கு வேறெந்தப் பொது நிறுவனத்தையும்விடப் பொது நூலகம்தான் அதிகம் உதவியது என்றும் அதில் தெரியவந்தது. வீட்டிலிருந்து நூலகம் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தும் பயன்பாடு கூடியது, குறைந்தது. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சின்ன நூலகத்தை நான் இவ்வளவு முக்கியமாக நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 1: நாளும் நேரமும்

வாரத்துக்கு ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாற்றி வைத்தால் பெற்றோருக்கு நினைவில் நிற்காது. இரவல் கவுன்டர் மூடுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பாவது நிகழ்ச்சி முடிந்துவிட வேண்டும். கதை முடிகிற நேரத்தில் கணினியை அணைத்துவிட்டால் யாரும் புத்தகம் எடுக்க முடியாது. திருப்பிக் கொடுக்கும் தேதியும் உங்கள் நிகழ்ச்சிக் கிழமையிலேயே விழும்படி செய்ய முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். இரவல் காலம் இரண்டு வாரம் என்றால் தானாகவே அப்படி அமைந்துவிடும். புத்தகம் கொடுக்க வரும் நாளும் கதை கேட்க வரும் நாளும் ஒன்றாகிவிட்டால் வருகை குறையாது.

இடம் போதவில்லை என்றால் பக்கத்துப் பூங்காவுக்குப் போகலாம். பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி நூலகத்தார் 1898 கோடையிலேயே புத்தகங்களையும் கதைகளையும் விளையாட்டு மைதானங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

படி 2: உறுப்பினர் அட்டை

பெரும்பாலான நிகழ்ச்சிகள் இந்தப் படியில்தான் சறுக்குகின்றன. கதை நன்றாகப் போகும், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு சிறுமி டைனோசர் புத்தகம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு கவுன்டருக்கு வருவாள். அட்டை இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்காது. படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும், முகவரிச் சான்று வேண்டும். கூட வந்ததோ பாட்டி. புத்தகம் அலமாரிக்கே திரும்பிவிடும்.

அதனால் முதல் நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே அட்டை வேலையைத் தொடங்கிவிடுங்கள். பள்ளி மூடுவதற்கு முன்னால் அழைப்பிதழோடு உறுப்பினர் படிவத்தையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுங்கள். எந்தெந்தச் சான்றுகள் செல்லும் என்பதைப் படிவத்தின் மேல்பக்கத்திலேயே, ‘இவற்றில் ஏதாவது ஒன்று போதும்’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். விதிமுறை மொழியில் எழுதினால் பாதிப் பேர் எல்லாமே வேண்டும்போல என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

நூலகரிடம் உட்கார்ந்து இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாத்தா பாட்டி கையெழுத்துப் போடலாமா? முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு ஒன்றிரண்டு புத்தகம் மட்டும் தரும் தற்காலிக அட்டை உண்டா? அன்றே அட்டை கிடைக்குமா, தபாலில் வருமா? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. தபாலில்தான் வரும் என்றால் உங்கள் கால அட்டவணை முழுவதையும் அதற்கேற்ப முன்னே தள்ள வேண்டியிருக்கும்.

கவுன்டரில் ஒரு அட்டை போட எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் என்றால் முப்பது பிள்ளைகளுக்கு இரண்டரை மணி நேரம். ஒரே நாளில் வரிசை கட்டினால் யாரும் நிற்க மாட்டார்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது 1931இல் இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. அந்த விதி இந்த வரிசைக்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு விஷயம், பழைய பாக்கி. எப்போதோ எடுத்த புத்தகத்தின் தாமதக் கட்டணம் நிற்பதால் நூலகம் பக்கமே வராத குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. கோடைக்காகவாவது தள்ளுபடி செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். 2019 அக்டோபரில் சிகாகோ பொது நூலகம் தாமதக் கட்டணத்தை அடியோடு எடுத்துவிட்டது. அதன்பின் நெடுநாள் வராமலிருந்த புத்தகங்கள் திரும்பி வந்தன, வாசகர்களும் வந்தார்கள். தள்ளுபடிக்கு வழியில்லை என்றாலும், பாக்கித் தொகையைப் பத்துப் பேர் முன்னால் சத்தமாகப் படிக்காதீர்கள். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.

படி 3: வயதுப் பிரிவு

மூன்று முதல் ஐந்து வயது, ஆறு முதல் ஒன்பது, பத்து முதல் பன்னிரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். சின்னவர்களுக்கு இருபது நிமிடக் கதை தாராளம். நடுநடுவே ‘இப்போ இது என்ன செய்யும்?’ என்று கேட்டுக் கேட்டுப் படியுங்கள். இப்படிப் பேச வைத்துப் படிப்பது பிள்ளைகளின் பேச்சுமொழியை வளர்க்கிறது என்று 1988இல் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரின் குழுவினர் காட்டினார்கள். பதின்ம வயதினர் பார்வையாளராக வருவது குறைவு. உதவியாளராகக் கூப்பிட்டுப் பாருங்கள், வருவார்கள்.

படி 4: வாசிப்புப் பதிவு

புத்தக எண்ணிக்கையா, படித்த நிமிடமா? மெதுவாகப் படிக்கும் பிள்ளை எண்ணிக்கையில் தோற்றுப்போய்விடும். நான் நிமிடத்தின் பக்கம். தினம் இருபது நிமிடத்துக்கு ஒரு கட்டம், வண்ணம் தீட்டினால் முடிந்தது. யாராவது படித்துக் காட்டக் கேட்டதும் கணக்கில் சேரும். எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் ஆறு வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1999 முதல் நடந்துவரும் கோடை வாசிப்புச் சவாலிலும் வழக்கமான இலக்கு ஆறுதான்.

அதிகம் படித்தவருக்கு முதல் பரிசு வேண்டவே வேண்டாம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஆசையாகப் படம் வரையும் மழலையரில் சிலரிடம் மட்டும், வரைந்தால் பரிசு தருவோம் என்று முன்பே சொல்லி வைத்தார்கள். பிறகு கவனித்தபோது அந்தப் பிள்ளைகளுக்குத்தான் வரையும் ஆர்வம் குறைந்திருந்தது. முடித்தவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒரு புத்தகம் சொந்தமாகக் கொடுங்கள்.

படி 5: தகவல் சொல்வது

சுவரொட்டிக்குக் கேன்வா என்ற வடிவமைப்புச் செயலி போதும். வாட்ஸ்அப்பில் குழு வேண்டாம், முன்பின் தெரியாத பெற்றோரின் எண்கள் எல்லாருக்கும் போய்விடும். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் நல்லது. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். அதனால் படிவம் வாங்கும்போதே, எதிரில் வைத்தே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவுக்கு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம்தான் என் தேர்வு, இரவில் கூகுள் ஷீட்டில் ஏற்றிக்கொள்ளலாம். வாசலில் கைக்குழந்தையோடு நிற்பவரைப் போனில் படிவம் நிரப்பச் சொல்வது சரியில்லை.

படி 6: கடைசிப் பத்து நிமிடம்

அன்றைய கதைக்கு ஒட்டிய புத்தகங்களை ஒரு தள்ளுவண்டியில், முதுகு தெரியாமல் அட்டைப்படம் தெரிகிற மாதிரி நிறுத்துங்கள். யானைக் கதை என்றால் யானை, காடு, விலங்குகள் பற்றிய இருபது புத்தகமாவது இருக்கட்டும். வண்டி கதவருகே நிற்கட்டும், பிள்ளைகளின் கண் உயரத்தில். ‘எல்லாரும் ஒன்று எடுத்துக்கோங்க’ என்று வாயால் சொல்லுங்கள். எடுக்கலாம் என்பதே சில பிள்ளைகளுக்குத் தெரியாது.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்தவை)

சுவரொட்டியில் போட்ட க்யூஆர் குறியீடு பாதியில் வேலை செய்யாமல் போனதாக ஒருவர் எழுதியிருந்தார். சில தளங்கள் இலவசமாகத் தரும் டைனமிக் வகைக் குறியீடு (அந்தத் தளத்தின் வழியாகவே திறப்பது), சோதனைக் காலம் முடிந்ததும் நின்றுவிடும். இணைப்பு முகவரி குறியீட்டுக்குள்ளேயே இருக்கும் ஸ்டாட்டிக் வகையைத் தேர்ந்தெடுத்தால் காலாவதி கிடையாது.

படம் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வீட்டில் பார்க்க வாங்கிய டிவிடியையோ ஓடிடி கணக்கையோ பொது இடத்தில் போடப் பெரும்பாலான நாடுகளில் தனி உரிமம் வேண்டும். நூலகத்திடம் அந்த உரிமம் இருக்கிறதா என்று கேட்ட பிறகே அறிவியுங்கள். கதை சொல்வதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவதற்கும் அந்தக் கதையின் பதிப்புரிமை உள்ளவரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் புகைப்படங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலை முதல் நாள் படிவத்திலேயே வாங்கிவிடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஏதாவது வைக்கலாமா என்ற கேள்விக்கு: தாராளமாக. அழைத்து வந்தவர்கள் அந்த ஒரு மணி நேரமும் எப்படியும் காத்திருப்பார்கள். இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும் உதவி, தையல் வட்டம், நாளிதழை ஒட்டிய உரையாடல் என்று எது வேண்டுமானாலும் அதே நேரத்தில், பெரியவர்கள் புத்தகப் பகுதியில் வையுங்கள். அவர்களுக்கான அட்டைப் படிவமும் அந்த மேசையிலேயே இருக்கட்டும்.