பழைய ஆஸ்ட்ரோ தட்டு: எடுத்த எடுப்பில் ஏணியைத் தேடாதீர்கள்

மலேசியாவின் செயற்கைக்கோள் டிவியான ஆஸ்ட்ரோவில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்ததும் கூரை ஏறித் தட்டைத் திருகுவதுதான் நம் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், அதிகம் நடக்கும் தவறு. கோலாலம்பூரில் மாலை இடிமழை கொட்டும்போது படம் போவது சகஜம். ஆஸ்ட்ரோ வரும் ‘கேயு’ (Ku) எனும் உயர் அலைவரிசை கனமழையில் வலுவிழக்கும். மழை விட்டதும் படம் தானாக வந்துவிடும். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பாதியில் சில நாள்கள், நல்ல வெயிலிலும் பிற்பகலில் சில நிமிடம் படம் போகும். சூரியன் அப்போது ஆஸ்ட்ரோவை அனுப்பும் மெசாட் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்து ஸ்பேனரைப் போட்டால், நன்றாக இருந்த தட்டும் கெட்டது.

இன்னொன்று, தட்டைப் பார்த்தே ‘சாய்ந்துவிட்டது’ என்று முடிவு கட்டுவது. 91.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கும் மெசாட், கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் மேற்குப் பக்கம் ஏறத்தாழ 77 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. ஆனால் ஆஸ்ட்ரோ தட்டு ‘ஆஃப்செட்’ வகை, அதாவது சிக்னலைச் சாய்வாக வாங்கும் வகை; அது அவ்வளவு மேலே பார்ப்பதுபோல் தெரியாது. இருபது டிகிரிக்கு மேல் தாழ்ந்தே தெரியும். அதுதான் சரி.

பெரும்பாலும் குற்றவாளி கேபிள் நுனிதான். கேபிள் நுனியில் திருகும் எஃப் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கி நடுச்செம்பு பச்சை பிடித்திருக்கும். மேலே சாதாரணக் கறுப்பு டேப்பைச் சுற்றினால் நம்மூர் வெயிலில் ஒரு வருஷம் தாங்காது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் வாங்குங்கள். கழற்றும் முன் டிகோடர் பிளக்கை உருவிவிடுங்கள். எல்என்பிக்கு (தட்டின் முன்னே சிக்னலை வாங்கும் கருவி) 13 அல்லது 18 வோல்ட் அந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது. வெளிப்பின்னலின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான்.

சரி, ஆஸ்ட்ரோவை நிறுத்தியாயிற்று, தட்டை இலவச டிஜிட்டல் டிவியான மைஃப்ரீவியூவுக்குப் பயன்படுத்தலாமா? முடியாது. அது தரைவழி ஒளிபரப்பு, யுஎச்எஃப் ஆண்டெனா வேண்டும். ஆனால் நல்ல நிலையில் உள்ள ஆர்ஜி6 கேபிளை (தட்டிலிருந்து வரும் அதே கேபிள்)த் தூக்கிப் போடாதீர்கள். எல்என்பியைக் கழற்றிவிட்டு அதே கேபிளில் ஆண்டெனாவை மாட்டலாம்.

செயற்கைக்கோள் வழி இலவச சேனல் பிடிக்க வேறு ரிசீவர் வாங்குபவர்கள், பழைய எல்என்பியில் அச்சிட்டிருக்கும் அலைவரிசை எண்ணைப் (எல்ஓ, மெகாஹெர்ட்ஸில்) பார்ப்பதே இல்லை. யுனிவர்சல் என்றால் செட்டிங்கில் 9750/10600, சி-பேண்ட் என்றால் 5150. இது தப்பினால் தட்டு எவ்வளவு சரியாக நின்றாலும் ஒரு சேனலும் வராது.