நான்கு அடி மீன் தொட்டியோடு வீடு மாறுவது எப்படி?

வில்லிவாக்கத்திலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, பீரோவையும் குளிர்சாதனப் பெட்டியையும் விட எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது கூடத்தில் இருந்த மீன் தொட்டிதான். நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள அந்தத் தொட்டியில் ஏறத்தாழ 250 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் இரண்டு ஆஸ்கர் மீன்களும் ஒரு சக்கர் மீனும் இருந்தன. அதற்கு முந்தைய வீடு மாற்றத்தின்போது, புது வீட்டுக்குப் போகும் பொருள் சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்து ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும் வரை பிழிந்து கழுவியிருந்தேன். பயணத்தை நன்றாகவே தாங்கிய தங்கமீன்கள் நான்காம் நாள் ஒவ்வொன்றாக மிதந்தன. கீழே உள்ள வழிமுறை அந்தத் தவறிலிருந்து கற்றுக்கொண்டது.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் மீனுக்கு நஞ்சான அம்மோனியா உருவாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் கற்களின் மேற்பரப்பிலும் ஒட்டி வாழ்கின்றன. தண்ணீரில் அவை மிகக் குறைவு. எனவே பழைய தண்ணீர் முழுவதையும் எடுத்துச் சென்றாலும் ஸ்பாஞ்ச் காய்ந்துபோனாலோ, நான் செய்ததுபோல் குழாய்த் தண்ணீரில் கழுவப்பட்டாலோ பயனில்லை. வீடு மாற்றும் நாளில் நீங்கள் உண்மையில் பத்திரப்படுத்த வேண்டியது மீன்களையும் அந்த அழுக்கு ஸ்பாஞ்சையும்தான். மற்றவை கடையில் கிடைக்கும்.

மூன்று நாள் முன்பிருந்து

முதலில் புது வீட்டில் தொட்டி வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்த இந்த அளவுத் தொட்டி வெறுமையாகவே 50 கிலோ இருக்கும். தண்ணீர், கற்கள், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 350 கிலோவை நெருங்கிவிடும். ஆகவே மாடி வீடானால் அறையின் நடுவில் வைக்காமல், சுவரை ஒட்டி, உத்தரம் ஓடும் பக்கமாக வைப்பது நல்லது. லிஃப்டின் உள்ளளவையும் மாடிப்படியின் திருப்பத்தையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் நிற்கும்போது அளந்து பயனில்லை.

இரண்டு மூன்று நாள் முன்னதாக நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள். ஆனால் ஃபில்டரைத் தொடாதீர்கள். கடைசி இருபத்துநான்கு மணி நேரம் தீனி போட வேண்டாம். ஆஸ்கர் போன்ற பெரிய மீன்களுக்கு இரண்டு நாள் நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. வயிறு காலியாக இருந்தால் வழியில் வாளித் தண்ணீர் அவ்வளவாகக் கெடாது. மீன் பசியோடு கண்ணாடிக்கு வந்து உங்களையே பார்க்கும். மனம் இளகிவிடக் கூடாது.

முந்தின நாளே புது வீட்டில் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் மிகவும் நல்லது. மெட்ரோ வாட்டரில் குளோரின் கலந்திருக்கும் என்பதால், மீன் கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரினைப் பாட்டிலில் குறிப்பிட்ட அளவுப்படி சேர்க்க வேண்டும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால் உப்பும் கடினத்தன்மையும் பழைய வீட்டுத் தண்ணீரிலிருந்து வெகுவாக மாறுபடலாம், கரைந்த ஆக்சிஜனும் குறைவாக இருக்கும். அதில் இரவு முழுவதும் ஏர் பம்ப் ஓடட்டும்.

தொட்டியைக் காலி செய்தல்

சென்னை வெயிலில் இந்த வேலைக்கு விடியற்காலைதான் சரியான நேரம். ஹீட்டர் இருந்தால் அதை அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகே தண்ணீரைக் குறையுங்கள். சூடான ஹீட்டர் காற்றுக்கு வந்தால் வெடித்துவிடும். எல்லா மின் இணைப்புகளையும் பிடுங்கிய பிறகுதான் கையைத் தண்ணீரில் விட வேண்டும்.

முதலில் சுத்தமான இருபது லிட்டர் தண்ணீர் கேன்களில் மேல்தண்ணீரைச் சேமியுங்கள். எங்கள் தொட்டிக்கு ஆறு கேன்கள் எடுத்துக்கொண்டோம். இது பாக்டீரியாவுக்காக அல்ல. புதிய தண்ணீரின் தன்மை ஒரேயடியாக மாறி மீன் அதிர்ச்சி அடையாமல் இருப்பதற்காக. பிறகு மரக்கட்டை, பாறை, அலங்காரப் பொருள்களை வெளியே எடுங்கள். தண்ணீர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, ஒளிய இடமில்லாமல் போன பிறகு மீன்களைப் பிடிப்பது எளிது. தொட்டி நிறைந்திருக்கும்போதே வலையோடு துரத்தினால் மீன் கண்ணாடியில் முட்டிச் செதில்களை இழப்பதுதான் மிச்சம்.

சக்கர் மீனை வலையால் பிடிக்காதீர்கள். அதன் துடுப்பு முட்கள் விரிந்து வலைக் கண்களில் மாட்டிக்கொள்ளும். விடுவிக்க முயன்றால் துடுப்பு கிழியும், உங்கள் விரலும் கிழியும். அகலமான பிளாஸ்டிக் டப்பாவை முன்னால் சாய்த்துப் பிடித்து, பின்னாலிருந்து கையால் மெல்லத் தள்ளினால் தானாகவே உள்ளே போகும். நீண்ட துடுப்புடைய ஏஞ்சல் மீன்களுக்கும் இதே முறைதான் உகந்தது.

ஒரு ஆஸ்கருக்கு ஒரு 50 லிட்டர் மூடி டிரம் என்று வைத்து, பாதியளவு பழைய தொட்டித் தண்ணீர் ஊற்றி, பேட்டரி ஏர் பம்பின் குழாயை மூடியில் துளையிட்டு உள்ளே விட்டோம். மூடி கட்டாயம் வேண்டும்: இருட்டில் மீன் அமைதியாக இருக்கும், துள்ளி வெளியே விழவும் முடியாது. மீதமான பெயிண்ட் வாளி, சோப்புத் தூள் வாளி எதையும் பயன்படுத்தக் கூடாது. சிறிய மீன்களானால் பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மிச்சம் ஆக்சிஜனுமாக அடைத்து, தெர்மோகோல் பெட்டியில் வைக்கலாம். கொளத்தூரில் வண்ணமீன் வாங்கியவர்கள் இப்படிக் கட்டிய பைகளைப் பார்த்திருப்பீர்கள். முள்ளுள்ள மீன்களுக்குப் பையை இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஃபில்டர். பாக்டீரியாவுக்கும் மீனைப் போலவே ஆக்சிஜன் வேண்டும். மூடிய கேனிஸ்டருக்குள் (ஃபில்டர் பெட்டிக்குள்) தண்ணீர் ஓட்டம் நின்றால், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிறைந்த ஒரு வாளியில் மூழ்க வைத்து, அதிலும் ஏர் பம்போடு இணைத்த ஒரு ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் நலமாக இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது கெட்டுவிட்டது. தொட்டித் தண்ணீரில் நன்றாக அலசி, புதுத் தொட்டி தொடங்குவதைப் போலவே கவனமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கும்.

கற்களை முழுவதுமாக அள்ளிவிடுங்கள். அடியில் தேங்கிய கழிவு கலங்கினால் அம்மோனியா ஒரேயடியாக ஏறும் என்பதால், மீன்களை எடுத்த பிறகுதான் கற்களைக் கிளற வேண்டும். அவற்றையும் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். இரண்டு அங்குலத் தண்ணீரும் கற்களும் இருக்கட்டும், அப்படியே தூக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தூக்கும்போது உள்ளே இருக்கும் பாரம் ஒரு பக்கமாகச் சரிந்தால் அடிக்கண்ணாடி விரியும், அல்லது சிலிக்கான் ஒட்டு பிரியும்.

பயணம்

வெறுந்தொட்டியை மூன்று பேர் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். மேல் விளிம்பையோ குறுக்குக் கண்ணாடியையோ பிடித்துத் தூக்கக் கூடாது. குட்டி யானை வண்டியில் பழைய மெத்தையை விரித்து, தொட்டியை நிமிர்ந்த நிலையிலேயே வைத்தோம். மீன் டிரம்களும் ஃபில்டர் வாளியும் சாமான் வண்டியில் ஏறவில்லை. எங்களோடு காரில் வந்தன.

புது வீட்டில்

மற்றச் சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே தொட்டி வேலையைத் தொடங்குங்கள். ஸ்டாண்டை வைத்து, கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தால் நான்கு பக்கமும் பாருங்கள். சரிவு இருந்தால் ஸ்டாண்டின் காலடியில் முட்டுக்கொடுக்க வேண்டுமே தவிர, கண்ணாடிக்கு அடியில் எதையும் செருகக் கூடாது. ஸ்டாண்டின் மேல் தெர்மோகோல் தகட்டை விரித்துத் தொட்டியை வையுங்கள். சிறிதளவு தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் ஓரங்களில் செய்தித்தாள் வைத்துப் பாருங்கள். தாள் நனையாமல் இருந்தால் கற்களைப் போட்டு, பழைய தண்ணீரையும், பிறகு தயாராக வைத்திருந்த புதுத் தண்ணீரையும் ஊற்றுங்கள். உடனே ஃபில்டரை ஓட விடுங்கள்.

மீன்களை விடுவதில் இரண்டு முறைகள் உண்டு. எது என்பது அவை எப்படி வந்தன என்பதைப் பொறுத்தது. ஏர் பம்ப் ஓடிய டிரம்மில் ஓரிரு மணி நேரம் வந்திருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு குவளை வீதம் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, ஒரு மணி நேரம் பழக்கிவிட்டு விடலாம். கட்டிய பையில் பல மணி நேரம் வந்திருந்தால் நிலைமை வேறு. பைக்குள் மீன் வெளியிட்ட கரியமில வாயு தண்ணீரின் பி.எச். அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) தாழ்த்தி, அம்மோனியாவின் நச்சைக் குறைத்து வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பி.எச். ஏறும், பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினாலே நச்சுள்ள அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். ஆகவே மூடிய பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்திய பிறகு, திறந்து, தாமதிக்காமல் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம்.

அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு வாரம் வழக்கத்தில் பாதித் தீனி போதும். அந்த வாரம் முழுவதும் டெஸ்ட் கிட்டால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் பாருங்கள். நிறம் சற்று மாறினாலும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஆஸ்கர் வளர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இடம் மாறிய கோபத்தில் அது தொட்டியின் அடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். செவுள் சீராக அசைகிறதென்றால் குச்சியால் தட்டி எழுப்பாதீர்கள். எங்களுடைய பெரியது இரண்டு நாள் அப்படியே கிடந்தது; மூன்றாம் நாள் மாலை, நான் தீனி டப்பாவைத் திறக்கும் சத்தத்துக்குக் கண்ணாடி ஓரம் வந்து நின்றது.