அமிகா 1200இல் பொருத்திய ஆக்சிலரேட்டர் அட்டையைச் சோதிக்கும் முறை

கொமடோர் நிறுவனம் 1992 அக்டோபரில் வெளியிட்ட அமிகா 1200 கணினியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய கதவு இருக்கிறது. அதைத் திறந்தால் 150 முனைகள் கொண்ட விளிம்பு இணைப்பு தெரியும். கணினியின் வேகத்தைக் கூட்டும் ஆக்சிலரேட்டர் அட்டை அங்கேதான் செருகப்படுகிறது. கணினியோடு வந்த செயலி 14 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டோரோலா 68இசி020. அதன் இடத்தில் 50 மெகாஹெர்ட்ஸ் 68030 செயலியும், மற்றச் சில்லுகளோடு பங்கிடாத சில மெகாபைட் 'ஃபாஸ்ட்' நினைவகமும் கொண்ட அட்டை வந்தவுடன், வேகத்தை அளக்கும் சிஸ்இன்ஃபோ நிரலைத் திறந்து, பெரிய எண் ஒன்றைப் பார்த்து, சோதனை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண் நினைவகத்தின் சிறு பகுதியை மட்டும் தொட்டுச் சில வினாடிகள் ஓடும் கணக்கின் விளைவு. அட்டை வேகமாக இருக்கிறது என்பதை அது சொல்லும்; சரியாக இருக்கிறது என்பதைச் சொல்லாது. இந்த இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அட்டையைத் தொடுவதற்கு முன்பே சோதனை தொடங்குகிறது. அட்டை இல்லாத நிலையில் கணினி ஒரு மணி நேரமாவது தடுமாறாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். சிஸ்இன்ஃபோ காட்டும் மதிப்புகள், 'அவெயில்' கட்டளை காட்டும் நினைவக அளவு, கிக்ஸ்டார்ட் (ரோமில் உள்ள அடிப்படை மென்பொருள்) பதிப்பு ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் உள்ள மேற்பரப்பு மின்னாற்பகுப்புக் கெபாசிட்டர்கள் இந்த வயதில் கசிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அவற்றைச் சுற்றிப் பளபளப்பு மங்கியிருந்தாலோ, பற்றவைக்கும்போது மீன் வாடை வந்தாலோ, அவற்றை மாற்றாமல் மேற்கொண்டு எதையும் சோதிப்பது வீண். அட்டையில் கடிகாரத்துக்கான பேட்டரி இருந்தால் அதன் அடிப்பகுதியையும் பாருங்கள். கசிந்த பேட்டரி செம்புத் தடங்களை அரித்துவிடும்.

அடுத்தது மின்சாரம். அமிகா 1200 உடன் வந்த எடை குறைந்த பவர் சப்ளையில் 5 வோல்ட் வரிக்கு 3 ஆம்பியர் என்றே அச்சிடப்பட்டிருக்கும். வெறும் கணினிக்கு அது போதும். ஆக்சிலரேட்டர் அட்டை, ஹார்டு டிஸ்க், பிளாப்பி மோட்டார் மூன்றும் ஒன்றாக இழுக்கும்போது அது திணறுகிறது. பிளாப்பி டிரைவுக்குச் செல்லும் நான்கு கம்பி மின் இணைப்பில் மல்டிமீட்டரை வைத்து, முதலில் அட்டை இல்லாமலும், பின்னர் அட்டையோடும், அதன் பிறகு பிளாப்பி சுழலும்போதும் 5 வோல்ட் வரியை அளந்து பாருங்கள். ஐந்து சதவீத வரம்பின்படி 4.75 வோல்ட் வரை ஏற்கத்தக்கது என்றாலும், 4.9க்குக் கீழே இறங்கும் கணினியில் நான் மேற்கொண்டு சோதிப்பதில்லை. மின்னழுத்தம் குறைவதால் வரும் கோளாறு பார்ப்பதற்கு நினைவகக் கோளாறு போலவே இருக்கும். நல்ல அட்டைகளைப் பழுதானவை என்று ஒதுக்கவைப்பதில் இதற்கே பெரும் பங்கு.

அட்டையைச் செருகும் முன் இணைப்பு முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். செருகும்போது இருபுறமும் சமமாக அழுத்துங்கள். ஒருபுறம் அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் திரை கறுப்பாகவே இருக்கலாம். கதவை மூடும் அவசரத்தில் அது கண்ணில் படுவதில்லை.

முதல் தொடக்கத்தை ஹார்டு டிஸ்கிலிருந்து செய்யாதீர்கள். பழுதான நினைவகம் கொண்ட கணினி வட்டில் எதையாவது எழுதினால், தவறான தரவையே எழுதும். அட்டையைக் கழற்றிய பிறகும் அந்தச் சேதம் அங்கேயே இருக்கும். ஹார்டு டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எழுதத் தடை செய்யப்பட்ட ஒர்க்பெஞ்ச் (அமிகாவின் திரைச்சூழல்) பிளாப்பியிலிருந்து தொடங்குங்கள். கணினியை இயக்கியதும் திரையின் நிறத்தைக் கவனியுங்கள். அடர் சாம்பல், வெளிர் சாம்பல், வெள்ளை என்று நகர்ந்தால் சுயசோதனை இயல்பாகச் செல்கிறது. சிவப்பில் நின்றால் கிக்ஸ்டார்ட் ரோம் சரிபார்ப்பிலும், பச்சையில் நின்றால் சிப் நினைவகத்திலும் (மதர்போர்டிலேயே உள்ள நினைவகம்) சிக்கல். மஞ்சள் வந்தால் செயலி எதிர்பாராத பிழையில் விழுந்திருக்கிறது. அட்டை இல்லாதபோது வராத நிறம் அட்டையோடு வந்தால், ரோமையோ சிப் நினைவகத்தையோ மாற்றக் கிளம்பாதீர்கள். அட்டைக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான இணைப்பையும் மின்சாரத்தையும் மீண்டும் பாருங்கள். மதர்போர்டின் சில பதிப்புகளில் இ123சி, இ125சி என்று குறிக்கப்பட்ட இரண்டு சிறு கெபாசிட்டர்கள் கடிகாரத் துடிப்பின் நேரத்தைப் பாதித்து, ஆக்சிலரேட்டர் அட்டையோடு மட்டும் தடுமாற்றத்தை உண்டாக்குகின்றன. அவற்றை அகற்றுவது நெடுநாளாகப் பலர் செய்துவரும் திருத்தம். ஆனால் மற்ற காரணங்கள் அனைத்தையும் விலக்கிய பிறகே பற்றவைப்புக் கோலை எடுங்கள்.

கணினி தொடங்கியதும் ஷெல் சாளரத்தில் 'சிபியு' கட்டளையைக் கொடுத்தால், எந்தச் செயலி, எந்தக் கணிதச் செயலி, கேச்சும் (செயலிக்குள் உள்ள சிறு விரைவு நினைவகம்) பர்ஸ்டும் (நினைவகத்தைத் தொகுதியாகப் படிக்கும் முறை) இயங்குகின்றனவா என்பதைக் காட்டும். 68030இல் கட்டளைக்கு 256 பைட், தரவுக்கு 256 பைட் என இரண்டு கேச்சுகள் உண்டு. பழைய 68இசி020இல் கட்டளைக் கேச் மட்டுமே உண்டு. பின்பு 'அவெயில்' கட்டளையைக் கொடுத்து, ஃபாஸ்ட் நினைவகத்தின் அளவு நீங்கள் அட்டையில் செருகிய சிம் என்ற நினைவகப் பலகையின் அளவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பிளிஸார்டு 1230 போன்ற அட்டைகளில் மேப்ரோம் ஜம்பர் (அமைப்பை மாற்றும் சிறு இணைப்பான்) இயக்கத்தில் இருந்தால், கிக்ஸ்டார்ட்டின் நகல் அங்கே குடியேறுவதால் 524288 பைட் குறைந்து தெரியும். அது கோளாறு அல்ல. ஆயினும் சோதனைக் காலத்தில் அந்த ஜம்பரை நிறுத்தி வைப்பது நல்லது. பழுதான நினைவகத்தில் கிக்ஸ்டார்ட்டே அமர்ந்துவிட்டால் காரணத்தைத் தேடுவது மிகவும் கடினமாகும்.

இனி உண்மையான சோதனை. நினைவகச் சோதனை நிரல் ஒன்றைச் சில மணி நேரம் ஓடவிடுங்கள். அதன் பிறகு நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. சில மெகாபைட் அளவுள்ள எல்எச்ஏ முறையில் சுருக்கிய காப்பகக் கோப்பு ஒன்றை ராம் வட்டில் நகலெடுத்து, சரிபார்க்கும் கட்டளையால் அதைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறேன். கோப்பு நினைவகத்திலேயே இருப்பதால் ஹார்டு டிஸ்க் இதில் தலையிடுவதில்லை. செயலி, கேச், ஃபாஸ்ட் நினைவகம் ஆகிய மூன்றும் மட்டுமே வேலை செய்கின்றன. ஒவ்வொரு கோப்பின் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணும் சரிபார்க்கப்படுவதால், ஒரு பிட் மாறினாலும் அகப்பட்டுவிடும். ஒருமுறை வாங்கிய பழைய அட்டை ஒன்று சிஸ்இன்ஃபோவில் 9 மிப்ஸுக்கு (மிப்ஸ்: நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகள்) மேல் காட்டியது. ஒர்க்பெஞ்ச் அழகாக ஓடியது. இரண்டு விளையாட்டுகளும் ஓடின. இந்தச் சோதனையின் பதினோராவது சுற்றில் ஒரே ஒரு கோப்பில் சிஆர்சி பிழை வந்தது. மறுபடி ஓடவிட்டபோது நான்காவது சுற்றிலேயே வந்தது. சிம்மைக் கழற்றிச் சில்லுகளை உருப்பெருக்கியில் பார்த்தேன். எண்களின் கடைசியில் '-70' என்று இருந்தது. அட்டை கேட்டது 60 நானோ வினாடி நினைவகம். '-60' எழுதிய சிம்மைப் போட்ட பின் இரவு முழுவதும் ஓடியும் ஒரு பிழை இல்லை.

பிழை வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 'சிபியு' கட்டளையால் முதலில் பர்ஸ்டை மட்டும் நிறுத்தி அதே சோதனையை ஓடவிடுங்கள். பிழை மறைந்தால், சிம் அல்லது அதன் வேக அமைப்பின் மீது சந்தேகம் வலுக்கிறது. மறையாவிட்டால் தரவுக் கேச்சையும் நிறுத்துங்கள். அதற்கும் மறையாவிட்டால் சிம்மை மாற்றுங்கள். பின்பு மின்சாரம், பின்பு இணைப்பு முனை. செயலியே பழுதாக இருப்பது அரிது. பிளிஸார்டு 1230இல் கணினி தொடங்கும்போது '2' விசையை அழுத்திப் பிடித்தால் அட்டை ஒதுங்கிக்கொண்டு பழைய செயலி இயங்கும். அட்டையைக் கழற்றாமலே ஒப்பிட அது பெரிய உதவி.

68882 கணிதச் செயலி இருந்தால் அதற்குத் தனிச் சோதனை வேண்டும், ஏனெனில் அன்றாட நிரல்கள் அதைத் தொடுவதே இல்லை. வேகத்தை அளக்கும் ஏஐபிபி நிரலின் தசமக் கணக்குச் சோதனைகளை ஓடவிடுங்கள். ஒளிக்கதிர் முறையில் படம் வரையும் நிரல் இருந்தால் ஒரே காட்சியை இருமுறை வரையவைத்து இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். மென்பொருள் பிழைச் செய்தியில் 8 என்று தொடங்கி, ஆறு சுழியங்களுக்குப் பின் 'பி' என்று முடியும் எண் வந்தால், நிரல் கணிதச் செயலியைத் தேடியும் அது கிடைக்கவில்லை என்று பொருள் கொள்ளலாம். சதுரச் சாக்கெட்டில் சில்லைச் செருகும்போது மூலைக் குறியை இருமுறை பாருங்கள். திருப்பிச் செருகி மின்சாரம் கொடுத்தால் சில்லு எரிந்துபோகலாம்.

இவை அனைத்தும் தேறிய பின் வேகத்துக்கு வரலாம். அமிகா 1200க்கு ஃபாஸ்ட் நினைவகம் மட்டும் சேர்த்தாலே வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும், ஏனெனில் சிப் நினைவகத்தை மற்றச் சில்லுகளோடு செயலி பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 50 மெகாஹெர்ட்ஸ் 68030 சிஸ்இன்ஃபோவின் ஒப்பீட்டில் 25 மெகாஹெர்ட்ஸ் அமிகா 3000ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் நிற்க வேண்டும். அதில் பாதியே கிடைத்தால், கேச் நின்றிருக்கிறதா, ஃபாஸ்ட் நினைவகம் கண்டறியப்பட்டதா என்று பாருங்கள். சிப் நினைவகத்தில் எழுதும் வேகம் நொடிக்கு 7 மெகாபைட்டைத் தாண்டாது. அது மதர்போர்டின் எல்லை, அட்டையின் குறை அல்ல. பழைய விளையாட்டுகள் சில கேச் இயங்கும்போது நின்றுபோவதும் அட்டையின் பிழையாகாது. தம் கட்டளைகளைத் தாமே மாற்றி எழுதும் நிரல்கள் அவை.

கடைசியாக ஹார்டு டிஸ்கை இணைத்து, அடிக்கதவை மூடி, கணினியை அது வழக்கமாக இருக்கும் மேசையில் வைத்து, எல்எச்ஏ சோதனையை மீண்டும் ஓடவிடுங்கள். பிசிஎம்சிஐஏ விரிவாக்க அட்டைத் துளையைப் பயன்படுத்துகிறவர்கள் அந்த அட்டையையும் செருகியே ஓடவிட வேண்டும், ஏனெனில் 68இசி020இன் 16 மெகாபைட் முகவரிப் பரப்புக்குள் 8 மெகாபைட் நினைவகத்தை வைக்கும் அட்டைகள் அந்தத் துளையின் இடத்தை ஆக்கிரமிக்கின்றன. திறந்த நிலையில் தேறிய அட்டை, மூடிய கதவுக்குள் இரண்டு மணி நேரச் சூட்டில் தவறுவதை நான் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் பிழையின்றி ஓடினால், முதலில் குறித்த தாளின் கீழேயே புதிய மதிப்புகளை எழுதி, தேதியிட்டு, அந்தத் தாளைக் கணினியோடு வைத்துவிடுங்கள்.