பழைய தூர்தர்ஷன் அறிவியல் நாடகத்தை டெல்டாவில் இருந்தபடி துருவுவது எப்படி?

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதில் வந்த ஒரு நாடகம் எப்படி எடுக்கப்பட்டது என்று தேடக் கிளம்புகிறவர்கள் முதல் வேலையாகச் சென்னைக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். பாதி வேலை திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணத்திலேயே முடியும். அதை முடிக்காமல் போனால் சென்னையில் யாரிடம் எதைக் கேட்பது என்றே தெரியாது.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை எடுத்துக்கொள்வோம். ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, பிறகு சென்னைத் தொலைக்காட்சியில் நாடகமானது. ஜீனோ என்ற இயந்திர நாயை அன்றைய வசதியில் எப்படிக் காட்டினார்கள் என்பதுதான் எல்லோருக்கும் ஆசையான கேள்வி. அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் தேதி.

டெல்டாவில் பல வீட்டுப் பரண்களில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்த பைண்டிங் கிடைக்கும். அட்டை போயிருக்கும், தேதியும் இருக்காது. பின்பக்கத்தைப் பாருங்கள். சினிமா விளம்பரமோ தீபாவளித் தள்ளுபடி விளம்பரமோ இருந்தால் வாரம் ஏறக்குறைய பிடிபடும். இது கதை வந்த காலம். நாடகம் ஒளிபரப்பான தேதிக்கு நாளிதழின் நிகழ்ச்சி நிரல் வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் எந்த ஆண்டுத் தொகுப்புகள் இருக்கின்றன என்று போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

நிரலில் அச்சானதெல்லாம் ஒளிபரப்பானது என்று நினைத்துவிடக் கூடாது. கிரிக்கெட் நீண்டால் நாடகம் போய்விடும். எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21 போன்ற நாட்களை ஒட்டி வந்த நிரலை நம்பவே முடியாது. அடுத்த வார நிரலில் பகுதி எண் ஏறியிருக்கிறதா, நின்றுவிட்டதா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும்.

பார்த்தவர்களின் நினைவிலும் ஒரு சிக்கல் உண்டு. 1983இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் விண்ணுக்குப் போன பிறகு ஊருக்கு ஊர் முளைத்த சிறு ஒளிபரப்பு நிலையங்கள் ஆரம்பத்தில் டில்லி நிகழ்ச்சியைத்தான் அஞ்சல் செய்தன. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் இலங்கையின் ரூபவாஹினி தெளிவாகத் தெரிந்தது. ஆகவே, “பெரியப்பா, நீங்க டிவியில பாத்தீங்களா?” என்று கேட்டால் போதாது. ஆன்டெனா எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, பூஸ்டர் இருந்ததா என்று கேளுங்கள். தெற்கே கடல் பக்கம் என்றால் ரூபவாஹினியாக இருக்கலாம். மேற்கே கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தின் பக்கம் என்றால் தூர்தர்ஷன்.

யார் வீட்டிலாவது பதிவு செய்த விஎச்எஸ் கேசட் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் உடனே பிளேயரில் தள்ளிவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக ரீலின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டெல்டாவில் இது சகஜம். அப்படியே ஓட்டினால் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். வடாம் போல வெயிலில் காயப்போடுவது அதைவிட மோசம்; நாடா சூட்டில் நெளிந்துவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் சில நாள் வைத்து, பூஞ்சை துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு ஓட்டுங்கள்.

கல்யாணக் கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடையில் கொடுப்பதாக இருந்தால் மூன்று விஷயத்தை எழுதியே கொடுங்கள்: 720×576 அளவு, இன்டர்லேஸ் (ஒரு படத்தை இரண்டு பாதியாகப் பிரித்துக் காட்டும் முறை) அப்படியே இருக்கவேண்டும், ஓரங்களை வெட்டக் கூடாது. DV எனப்படும் டிஜிட்டல் வீடியோ வடிவத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். மூன்று மணி நேர கேசட்டுக்கு 40 ஜிபி ஒதுக்குங்கள். “சின்ன எம்பி4 போதும் சார்” என்பார்கள். போதாது. ஏன் என்றால், தயாரிப்பு ரகசியமே அந்த இன்டர்லேஸில்தான் இருக்கிறது.

நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 பிரேம். ஒவ்வொன்றும் இரண்டு பாதி, அதாவது 50 ஃபீல்டு. ஃபீல்டு ஃபீல்டாக நகர்த்திப் பாருங்கள். வீசும் கை ஒவ்வொரு ஃபீல்டிலும் இடம் மாறினால் அது வீடியோ கேமரா, பெரும்பாலும் ஸ்டுடியோ. இரண்டிரண்டு ஃபீல்டில் கை ஒரே இடத்தில் நின்றால் ஃபிலிமில் எடுத்து மாற்றியது. பெரும்பாலும் வெளிப்புறம், தனிப் படப்பிடிப்பு நாள், தனிக் கேமராமேன். 16 எம்எம் ஃபிலிம் 400 அடிச் சுருள் பதினொரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடும் என்பதால், ஃபிலிம் காட்சிகளின் மொத்த நீளத்தைக் கூட்டினால் குறைந்தது எத்தனை சுருள் செலவாகியிருக்கும் என்ற கணக்கும் வந்துவிடும்.

தந்திரக் காட்சிகளில் தலைமுடி ஓரம் நீலம் கசிந்தால் குரோமா கீ, அதாவது நீலத் திரை முன் எடுத்து வேறு பின்னணியில் ஒட்டியது. பாதம் தெரியாமல் வெட்டியிருப்பதும், தரையில் நிழல் விழாததும் அதே கதைதான். ஜீனோவும் நடிகரும் ஒரே ஷாட்டில் வருகிறார்களா, நடிகரின் கை நாயின் மேல் படுகிறதா என்று ஷாட் ஷாட்டாகக் குறியுங்கள். இந்தக் குறிப்பையும் டைட்டில் கார்டின் பெயர்களையும் கையில் வைத்துக்கொண்டு பழைய கலைஞர்களிடம் போனால் பேச்சு தானாக ஓடும்.

கடைசியாகத் தகவல் உரிமை மனு. தூர்தர்ஷன் இருப்பது பிரசார் பாரதியின் கீழ். மத்திய அரசுக் கட்டணம் ரூ.10, போஸ்டல் ஆர்டர் போதும். தமிழிலேயே எழுதலாம், 500 சொல்லுக்குள். “எப்படி எடுத்தீர்கள்?” என்று கேட்டால் ஒன்றும் வராது. தேதி, பகுதி எண் போட்டு, ஒப்பந்தப் பதிவேடு, ஸ்டுடியோ ஒதுக்கீட்டுப் பதிவேடு, நாடா நூலகப் பதிவேடு ஆகியவற்றின் நகல் கேளுங்கள்; பக்கத்துக்கு ரூ.2. “அழிக்கப்பட்டிருந்தால் அழித்த உத்தரவின் நகல்” என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். நாடாக்களை அழித்துத் திரும்பப் பயன்படுத்திய காலம் அது. 30 நாளில் பதில் வராவிட்டால், அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யவேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.