ஃபியூல் பம்ப் மேல் பழி போடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. ஒகேனக்கல் போய்விட்டுப் பென்னாகரம் மலைப்பாதையில் திரும்பும்போது நின்றுவிட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகையில் சூளகிரி தாண்டவே திணறுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படி ஏற்றத்தோடு சேர்ந்து வரும் பெட்ரோல் கார் புகார்களுக்கெல்லாம் ரோட்டோரத்திலேயே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள்: “பம்ப் போயிருச்சுங்கண்ணா.”

ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம் தேவை, டேங்க்கிலிருந்து அதைத் தள்ளிவிடும் பம்ப் தளர்ந்திருந்தால் அங்கே கைவிடும் என்பது உண்மைதான். ஆனால் அடைத்த ஏர் ஃபில்டர், சுமை கூடினால் ஸ்பார்க்கைத் தவறவிடும் இக்னிஷன் காயில், அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சைலன்ஸர் வழியில் புகையைச் சுத்தம் செய்வது), தேய்ந்த கிளட்ச் எல்லாமும் அதே ஏற்றத்தில்தான் தலைகாட்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் அது கிளட்ச். அங்கே பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை என்று வந்தால் பலரும் செய்யும் முதல் தவறு காதை மட்டும் நம்புவது. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய ‘உய்ங்’ சத்தம் வரும். சத்தம் வந்தால் மோட்டார் சுற்றுகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். டேங்க்குக்குள் பம்பிலிருந்து மேலே வரும் ஹோஸ் பிளந்திருந்தாலும் சத்தம் வரும், பிரஷர் வராது. சத்தமே இல்லை என்றாலும் பம்ப் செத்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. ஃபியூஸ் போயிருக்கலாம், ரிலே ஒட்டாமல் இருக்கலாம், மாந்தோப்பு ஓரம் நிறுத்திய வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கலாம். ஒரே நம்பர் போட்ட ரிலே ஃபியூஸ் பாக்ஸில் இன்னொன்று இருந்தால் (பெரும்பாலும் ஹாரனுக்கு) மாற்றிப் போட்டுப் பாருங்கள். காசில்லாத சோதனை.

அடுத்தது எஞ்சின் சுற்றுவதைக் கண்டு சொல்லும் கிராங்க் சென்சார். அந்த சிக்னல் கிடைக்காவிட்டால் ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) பம்பை ஓடவிடாது. சூடானதும் இந்த சென்சார் படுத்துக்கொள்வதும், அரை மணி நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல வண்டி எடுப்பதும் சாதாரணம். தேய்ந்த பம்ப் மோட்டாரும் அச்சு அசலாக இதையே செய்யும். அதனால்தான் வண்டியை டோ பண்ணி, ஆறவைத்து, மறுநாள் காலையில் சோதித்து “எல்லாம் சரியாத்தான் இருக்குது” என்பதில் பயனில்லை. நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும். சாவி போட்டால் சத்தம் வருகிறதா? செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா? நிறைய நேரம் அடித்தபின் சைலன்ஸரில் பெட்ரோல் வாடை வருகிறதா? வாடை தூக்கலாக வந்தால் பெட்ரோல் வருகிறது, சந்தேகம் ஸ்பார்க் பக்கம் போக வேண்டும். இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு மினுக்குகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஒயரிங் சோதனையில் நடக்கும் தவறு கொஞ்சம் நுணுக்கமானது. பம்பின் கப்ளரை (ஒயரை இணைக்கும் பிளக்) கழற்றி, அந்த முனையில் மீட்டர் வைத்து, “12 வோல்ட் வருது, அப்ப பம்ப்தான் போச்சு” என்பார்கள். கரன்ட் ஓடாதபோது, ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரும் 12 வோல்ட் காட்டும். கப்ளரை மாட்டியே வைத்து, பம்ப் ஓடும்போது பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளக்க வேண்டும். பேட்டரியில் 12.4 இருக்க, பம்பில் 9.8 தான் வருகிறது என்றால் எத்தனை பம்ப் மாற்றினாலும் வண்டி திணறும். பின்சீட்டைத் தூக்கி அந்தக் கப்ளரைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஒரு பின் மட்டும் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகி வளைந்திருக்கும், இல்லையென்றால் எர்த் பின்னில் பச்சை பூத்திருக்கும். எர்த்தை யாரும் பார்ப்பதில்லை. பாதிக் கதை அங்கேதான் இருக்கும்.

ஈசியூவில் பதிவான பழுதுக் கோடைப் படிக்கும் ஸ்கேனர் ‘பி0171’ காட்டினால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். பம்பை மாற்று என்று அது சொல்லவில்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயில் லீக் ஆனாலும் அதே கோடு வரும். சாதாரண போர்ட் இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் பிரஷரை அளக்கும் சென்சாரே கிடையாது, ஸ்கேனர் பாவம் என்ன செய்யும்? பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டித்தான் ஆக வேண்டும். இத்தகைய கார்களில் பொதுவாக 3 முதல் 4 பார் வரை இருக்கும், உங்கள் மாடலுக்கான அளவைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஐடிலில் சரியாகக் காட்டினால் போதாது, ஏற்றத்தில் பிரஷர் விழுகிறதா என்பதே கேள்வி. எஞ்சினை அணைத்ததும் முள் சடாரென்று இறங்கினால் பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு, பிரஷர் ரெகுலேட்டர் அல்லது ஒழுகும் இன்ஜெக்டர் காரணமாக இருக்கலாம். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தபின் எடுக்கிற வண்டி, சாவியை இரண்டு மூன்று முறை ஆன்-ஆஃப் செய்துவிட்டு அடித்தால் உடனே எடுக்கிறதா? அப்போது அணைத்ததும் பிரஷர் இறங்குகிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

கேஜ் மாட்ட லைனைத் திறக்கும்போது பிரஷரை இறக்காமல் திறப்பது ஆபத்து. பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டு, எஞ்சின் ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் திறங்கள். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று கம்பி வைத்துக் கட்டுவதும், டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பம்புக்கு நேராகப் பேட்டரி லைன் கொடுப்பதும் உயிரோடு விளையாட்டு. டேங்க்கைத் தட்டினால் பம்ப் ஓடுகிறது என்றால் மோட்டார் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை வைத்து வீடு போய்ச் சேரலாம், தட்டிக்கொண்டே பெங்களூரு போக முடியாது. மிக அதிக பிரஷரில் இயங்கும் டீசல் காமன் ரெயில் வண்டியில் இந்தச் சோதனைகள் எதையும் அப்படியே செய்யாதீர்கள். ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் லைனைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பம்ப்தான் என்று உறுதியானபின்னும், புதியதை அழுக்கு டேங்க்கில் இறக்குவது வீண் செலவு. டேங்க்கில் உள்ள பெட்ரோல்தான் பம்ப் மோட்டாரைக் குளிர்விக்கிறது. சித்திரை வெயிலில் எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர் புதுப் பம்பையும் சீக்கிரம் இழப்பார். கழற்றிய பழைய பம்பின் அடியில் இருக்கும் ஸ்ட்ரெய்னரை (வடிகட்டி வலை) வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். துருவும் மண்ணும் கொட்டினால் டேங்க்கை இறக்கிக் கழுவியபிறகு, புது ஸ்ட்ரெய்னர், புது ஓ-ரிங்கோடு மாட்டச் சொல்லுங்கள்.